கொம்பனித்தெருவிலிருந்து வெள்ளவத்தை வரை: கொழும்பு யாருக்காக மாறுகிறது?

கொம்பனித்தெரு ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் இரண்டு நகரங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படும். ஒன்று, சுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரம், பள்ளிவாசல், சாப்பாட்டுக் கடை, முச்சக்கரவண்டித் தரிப்பிடம், பழைய ஓட்டு வீடுகள் ஆகியவற்றால் ஆனது. மற்றையது அவற்றுக்கு மேலே நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தது போன்ற அல்டெயார் கோபுரங்களும், ஹோட்டலும் சூதாட்ட விடுதியும் கொண்ட பெருங்கட்டடத் தொகுதியும், பேர வாவியைப் பார்த்த கண்ணாடிச் சுவர்களும் அந்த இரண்டாவது நகரம். முதலாவது நகரம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் சுருங்குகிறது. இரண்டாவது வளர்கிறது.

இப்படி நடப்பதற்கு உலகம் முழுவதும் ஒரு பெயர் இருக்கிறது. 1964 இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிகளை நடுத்தர வர்க்கத்தினர் ஒவ்வொன்றாக வாங்கிக் குடியேறுவதைக் கவனித்து, அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். தமிழில் மேட்டுக்குடியாக்கம் எனலாம். ஒரு பகுதியில் பணம் நுழைகிறது, காணி விலையும் வாடகையும் ஏறுகின்றன, அங்கு வாழ்ந்தவர்கள் வெளியேறுகிறார்கள், கடைசியில் அந்த இடத்தின் குணமே மாறிவிடுகிறது. அவர் சொன்னதன் சாரம் அவ்வளவுதான்.

ஆனால், லண்டனில் இந்த வேலையைப் பெரும்பாலும் சந்தையே செய்தது. கொழும்பில் சந்தையோடு அரசும், ஒரு காலத்தில் இராணுவமும் சேர்ந்துகொண்டன. போரால் இடம்பெயர்ந்த நமக்கு இந்தக் கதையின் பல பகுதிகள் பழக்கமானவையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு தெருவின் வரலாறு

கொம்பனித்தெருவின் பழைய ஆங்கிலப் பெயரின் பொருள் 'அடிமைத் தீவு'. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இடம் இது. பின்னர் மலாய் படைவீரர்களும் அவர்களது குடும்பங்களும் இங்கே குடியேறினார்கள். மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் ஆகிய பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். வேகந்தப் பள்ளிவாசல் 1786 இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதைச் சுற்றி மலாயர்கள், சோனகர்கள், தமிழர்கள், சிங்களவர்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். கொழும்பு மாநகரமே எந்த ஓர் இனமும் மொத்த சனத்தொகையில் பாதியைத் தாண்டாத நகரம். அந்தக் கலப்பை ஒரே தெருவில் காணக்கூடிய இடமாகக் கொம்பனித்தெரு இருந்தது.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத 2010 மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே இராணுவம் நின்றது. அடுத்த சில வருடங்களில் ஜாவா லேன் உள்ளிட்ட பகுதிகளில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவின் டாட்டா ஹவுசிங் நிறுவனத்துடனான கூட்டுத் திட்டத்துக்காக வெளியேற்றப்பட்டன. அதே பகுதியில் புதிய வீடு தரப்படும், அதுவரை வாடகைப் பணம் தரப்படும் என்பது வாக்குறுதி. அந்த வீடுகளுக்காக அவர்கள் பல வருடங்கள் வாடகை வீடுகளில் காத்திருந்தார்கள். காத்திருந்த காலத்தில் பிள்ளைகள் பாடசாலையை முடித்தார்கள், முதியவர்கள் சிலர் காலமானார்கள், அயலவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். வீடு கிடைத்தபோது அயல் திரும்பக் கிடைக்கவில்லை.

'தோட்டம்' என்ற சொல்லும் 900 ஏக்கரும்

கொழும்பில் 'தோட்டம்' என்றால் மரம் செடி உள்ள இடமல்ல. ஒடுங்கிய பாதையின் இருபுறமும் ஒட்டிக்கட்டிய வீடுகளின் வரிசை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கில் இவை 'வசதி குறைந்த குடியிருப்புகள்'. இத்தகைய குடியிருப்புகளில் வாழும் ஏறத்தாழ 68,000 குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றி, அவர்கள் வாழும் சுமார் 900 ஏக்கர் காணியை முதலீட்டுக்கு விடுவிப்பதே நகர மீளுருவாக்கத் திட்டத்தின் இலக்காகச் சொல்லப்பட்டது.

இந்தக் கணக்கில் ஒரு விடயம் மறைந்துபோகிறது. தோட்டங்களில் இருந்த எல்லோரும் சட்டவிரோதமாகக் குடியிருந்தவர்கள் அல்லர். 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தினால் வாடகைக்கு இருந்த பலர் வீட்டுச் சொந்தக்காரர் ஆனார்கள். உறுதி வைத்திருந்தவர்களும், வரிப்பணம் கட்டியவர்களும், மின்சாரமும் தண்ணீரும் தம் பெயரில் எடுத்தவர்களும், இரண்டு மூன்று மாடி கட்டி மகளுக்கும் மகனுக்கும் தனித்தனித் தளம் பிரித்துக் கொடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். 'சேரி' என்ற ஒரே சொல் இவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தது. ஒரு இடத்தை எடுப்பதற்கு முன்னர் அதற்கு ஒரு பெயர் வைக்கப்படும் என்பது நமக்குப் புதிதல்ல. வடக்கில் அது 'உயர் பாதுகாப்பு வலயம்', கொழும்பில் 'வசதி குறைந்த குடியிருப்பு'.

சட்டமும் ஒன்றுதான். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ்தான் கொம்பனித்தெருவில் காணி எடுக்கப்பட்டது. அதே சட்டத்தின் கீழ்தான் 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டிலும் 'பொது நோக்கம்' என்ற இரண்டு சொற்களே காரணமாகக் காட்டப்பட்டன. 2001 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட விருப்பமின்றிய மீளக்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கை, பாதிக்கப்படுவோருடன் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும், உறுதி இல்லாதவர்களுக்கும் ஈடு வழங்க வேண்டும் என்கிறது. ஆனால் அது கொள்கையே தவிர சட்டமல்ல.

பதினான்காவது மாடியில் இடியப்பம் விற்க முடியுமா?

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் நகரத்தின் வடக்கும் கிழக்குமான வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மாளிகாவத்தை, முகத்துவாரம், மட்டக்குளி பகுதிகளில் எழுந்த தொடர்மாடிகளுக்கு. ஆரம்பத்தில் கட்டப்பட்டவற்றில் ஒரு வீட்டின் பரப்பு சுமார் 400 சதுர அடி. பலருக்கு அது இலவசமும் அல்ல. பத்து இலட்சம் ரூபா வரையான தொகையை இருபது, முப்பது வருடங்களில் தவணையாகக் கட்டும்படி கேட்கப்பட்டது. உறுதியுள்ள வீட்டை இழந்தவர், கடனுள்ள வீட்டுக்குப் போனார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மழைக்கு முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கும், பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற பெண்களுக்கும், கால்வாய்க் கரையில் பலகை வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளே குளியலறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள ஒரு சீமெந்து வீடு சிறிய விடயமல்ல. அவர்களில் பலர் மனமுவந்தே போனார்கள். ஆகவே பிரச்சினை தொடர்மாடி அல்ல. யாரிடமும் கேட்காமல், எல்லோருக்கும் ஒரே அளவை வெட்டியதுதான் பிரச்சினை.

தோட்டத்து வாழ்க்கையின் பொருளாதாரம் வாசலில் இருந்தது. அதிகாலையில் இடியப்பம் அவித்து வாசலில் வைத்தால் ஆறு மணிக்குள் விற்று முடியும். முச்சக்கரவண்டியை ஜன்னலால் பார்க்கக்கூடிய இடத்தில் நிறுத்தலாம். தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளையையும் பார்க்கலாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஐந்நூறு ரூபா மாறலாம். பன்னிரண்டாவது, பதினான்காவது மாடிக்குப் போனதும் இவை எல்லாம் நின்றுவிடுகின்றன. லிஃப்ட் பழுதானால் முதியவர் வீட்டுக்குள் சிறைப்படுகிறார். கொள்ளுப்பிட்டியில் வீட்டு வேலைக்கு நடந்து போன பெண் இப்போது இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். வருமானத்தில் ஒரு பகுதி பஸ்ஸுக்கே போனால், வீடு திருத்தமாக இருந்தும் குடும்பம் முன்னரைவிட வறுமையில் இருக்கும்.

முகாம் வாழ்க்கையையும், பின்னர் ஒரே அச்சில் வார்த்த வீட்டுத்திட்டங்களையும் கண்டவர்களுக்கு இது புரியும். கூரை கிடைப்பது ஒன்று, வாழ்க்கை திரும்பக் கிடைப்பது வேறொன்று.

வெள்ளவத்தை: நம்முடைய பணம் செய்தது

கொழும்பில் தமிழர்களின் கதை கொம்பனித்தெருவோடு முடியவில்லை. வெள்ளவத்தையில் நடந்தது வேறு வகை. அங்கே புல்டோசர் வரவில்லை, பணம் வந்தது. அதில் கணிசமானது நம்முடைய பணம்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த இடத்துக்கே மக்கள் திரும்பி வந்தார்கள். வடக்கில் போர் உக்கிரமடைய, குறிப்பாக 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர், இன்னும் பலர் வந்தார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவர்கள் என்று லொட்ஜுகளும் 'அனெக்ஸ்' வீடுகளும் நிரம்பின. பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்பும் அன்றாட வாழ்க்கையாயின. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

அந்தப் பயத்துக்குள்ளும் வெள்ளவத்தை தமிழர்களுக்கு ஒரு தரிப்பிடமாக நின்றது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் முற்றமும் மாமரமும் உள்ள தனி வீடுகள் இருந்தன. முன்னறையில் வீட்டுக்காரர், பின்னறைகளில் மூன்று வாடகைக் குடும்பங்கள். இன்று அந்த வீடுகளின் இடத்தில் பல மாடித் தொடர்கள் நிற்கின்றன. வாங்கியவர்களில் பலர் லண்டனிலும் டொரொன்டோவிலும் சூரிச்சிலும் வாழும் நம்மவர்கள். 2014 ஆம் ஆண்டின் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுத்தாலும், முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் நான்காவது மாடியிலும் அதற்கு மேலும் தொடர்மாடி வீடு வாங்க இடம் விட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடையும் இல்லை.

புலம்பெயர்ந்தவர் தன் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. பலருக்கு அது ஊரில் இழந்த வீட்டுக்குப் பதிலான வீடு. ஆனால், வருடத்தில் ஒரு மாதம் மட்டும் விளக்கெரியும் வீடுகள் கூடக்கூட, அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஆசிரியருக்கும் கடை ஊழியருக்கும் இடம் குறைகிறது. ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நாம் இங்கே பாதிக்கப்பட்டவர்களாகவும், பாதிப்பை ஏற்படுத்துபவர்களாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறோம்.

அப்படியானால் எங்கே போவது?

வெள்ளவத்தையில் முடியாதவர்கள் முதலில் பார்ப்பது தெஹிவளையை. அங்கும் முடியாவிட்டால் கல்கிசை, இரத்மலானை. கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் மரக்கறிச் சந்தையும் பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே தெரிவை முடிவு செய்கிறது. வடக்குப் பக்கமாகக் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கும் நீண்ட காலமாக இடம் கொடுத்தவை. அங்கு நெருக்கம் கூடியதும் களனி ஆற்றைத் தாண்டி வத்தளை, ஹெந்தளை, மாபோலை என்று போகிறார்கள். அதற்கும் அப்பால் நீர்கொழும்பு.

ஒவ்வொரு நகர்வும் ஒரு விலை கேட்கிறது. வாடகையில் மிச்சம் பிடிப்பது பயணத்தில் போகிறது. தமிழ்மொழிமூல வகுப்புள்ள பாடசாலைகள் குறைகின்றன. வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றாவிட்டால் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது புள்ளி குறையும். நகரத்தின் மையத்தில் சேர்ந்து வாழ்ந்ததால் கிடைத்த வாக்குப் பலமும் சிதறுகிறது.

ஊருக்கே திரும்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் 2009க்குப் பிறகு யாழ்ப்பாண நகரமும் அதே பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டது. நல்லூரைச் சுற்றி விடுதிகளும் மண்டபங்களும் எழுந்தன. வெளிநாட்டுப் பணத்தின் விலையில் காணி பேசப்படுகிறது. உள்ளூர்ச் சம்பளத்தில் நகரத்துக்குள் ஒரு பரப்புக் காணி வாங்குவது எட்டாத விடயமாகிறது. வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களில் இன்னும் காணி கிடைக்காதவர்களுக்கு இது இரட்டைச் சுமை. சொந்தக் காணிக்குப் போக முடியாது, வேறு காணி வாங்கவும் முடியாது.

கையில் வைத்திருக்க வேண்டியவை

வெளியேற்றத்தை எதிர்கொண்ட குடும்பங்களின் அனுபவம் சில எளிய பாடங்களைத் தருகிறது. உறுதி, வரிப்பற்றுச்சீட்டு, மின், நீர்ப் பட்டியல்கள், வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம அலுவலர் சான்று ஆகியவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் வைத்திருக்க வேண்டும். வாய்மொழி வாக்குறுதியை எழுத்தில் கேட்க வேண்டும். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையொப்பமிடக் கூடாது. தமிழில் கேட்பது உரிமை, சலுகையல்ல. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் காணிக்கு என்ன திட்டம் இருக்கிறது என்று எந்தப் பிரஜையும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் எழுத்திலான ஒப்பந்தத்தின் முடிவுத் திகதியைக் கவனிக்க வேண்டும். காலம் முடிந்த குத்தகை வீட்டை உரிமையாளர் மாவட்ட நீதிமன்றம் மூலம் மீளப்பெறுவதை 2023 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இலகுவாக்கியிருக்கிறது.

போரில் இடம்பெயர்ந்தவரிடம் 'எப்போது ஊருக்குப் போவீர்கள்?' என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஐ.நா. கணக்கெடுத்தது, பத்திரிகைகள் எழுதின. அபிவிருத்தியால் இடம்பெயர்ந்தவரை அப்படி யாரும் கேட்பதில்லை. அவர் போய்விட்டார், நகரம் அழகாகிவிட்டது என்பதோடு கணக்கு முடிகிறது. கொம்பனித்தெருவில் பள்ளிவாசலும் கோயிலும் இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்கும் பூசைக்கும் மட்டக்குளியிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் பஸ் ஏறி வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே விருந்தாளிகள் அல்லர்.