பெட்டிக்குள் இடனறிதல்

இரவில் வீட்டார் உறங்கிய பின், அவர்கள் துயில் கலையாமல் இசை கேட்க வேண்டும் என்னும் ஆசையால், ஹெட்போனுக்கென ஒரு சிறு ஆம்பிளிபயரை நானே செய்ய முற்பட்டேன். குறையற்ற உறுப்புகளாகத் தேடி வாங்கினேன். கைக்கடக்கமான அலுமினியப் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்து, கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்து முடித்தேன். ஆனால் ஹெட்போனை மாட்டியதும் பாட்டுக்கு முன்னே வந்தது ஓர் உறுமல். பாட்டு ஓய்ந்த இடமெல்லாம் அதுவே நிரம்பி நின்றது.

உறுப்புகளின்மேல் ஐயங்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினேன்; பயனில்லை. இறுதியில், மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, டிரான்ஸ்பார்மரை மட்டும் பெட்டியிலிருந்து கழற்றி, நீண்ட கம்பிகளால் இணைத்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். மீண்டும் மின்சாரம் பாய்ச்சியபோது உறுமல் மறைந்துவிட்டது. குற்றம் பொருளில் இல்லை, பொருள் இருந்த இடத்தில் இருந்தது என்று அப்போதுதான் தெளிந்தேன். எனக்கு முன்னே பல அறிஞர்கள் அரிதின் முயன்று கற்ற பாடம் இது. அவ்வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பெட்டி என்பது உறுப்புகளைத் தூசியிலிருந்து காக்கும் உறை மட்டுமன்று என்பதை முதலில் உலகறியக் காட்டியவர் மைக்கேல் பாரடே. 1836-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் பன்னிரண்டு அடிக் கனசதுரமாக ஓர் அறை அமைத்தார். மரச்சட்டத்தின்மீது செப்புக் கம்பிகளையும், காகிதத்தையும், வெள்ளீயத் தாளையும் போர்த்தி, அவ்வறைக்கு மின்பொறியால் மின்னேற்றினார். வெளிப்புறத்தில் தீப்பொறி பறந்தது. பாரடேயோ நுண்ணிய மின்காட்டிகளோடு உள்ளே இருந்தார். அவற்றில் சிறு அசைவும் தோன்றவில்லை. சுற்றிலும் உலோகம் இருந்தால் வெளியே உள்ள மின்னூட்டத்தின் ஆட்சி உள்ளே செல்லாது என்று அது மெய்ப்பித்தது.

அந்த உண்மையின் அருமை, ஆம்பிளிபயர் பிறந்த பின்னரே முழுதும் விளங்கிற்று. 1904-இல் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் அதனுள் கிரிட் என்னும் மூன்றாவது மின்வாயைப் புகுத்தினார். மெலிந்த மின்னலையை வலிமையாக்கும் கருவி இதிலிருந்து உருவாயிற்று. 1915-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் உரையாடியது வால்வுப் பெருக்கிகளின் துணையால்தான்.

ஆனால் பெருக்கிக்கு நல்லது தீயது தெரியாது. வாயிலில் எது வந்தாலும் பெருக்கும். தான் வெளியே அனுப்பிய ஒலியின் ஒரு சிறு பங்கு திரும்பி வந்து தன் வாயிலிலேயே நுழைந்தால், அதையும் மீண்டும் பெருக்கிக் கீச்சென்று அலறத் தொடங்கிவிடும். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு இளைஞர் பலர், ரொட்டி அறுக்கும் பலகையின்மேல் உறுப்புகளைத் திருகி வானொலிப் பெட்டி செய்து, ஹெட்போனில் நிகழ்ச்சி கேட்டனர். அவர்களை வாட்டியது இந்த அலறல்.

இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர், நியூஜெர்சியில் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த லூயி ஆலன் ஹேசல்டைன். 1923-இல் அவர் வெளியிட்ட ‘நியூட்ரோடைன்’ அமைப்பில் இரண்டு உத்திகள் இருந்தன. வால்வினுள்ளே பின்னோக்கிக் கசியும் மின்னலையை, எதிரான அலையொன்றைச் சிறு கண்டென்சர் வழியே செலுத்தி ஈடுகட்டியது முதல் உத்தி. இரண்டாவது இன்னும் எளியது. பெட்டியில் வரிசையாக நின்ற கம்பிச் சுருள்களை ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, அவற்றின் நடுவங்களைச் சேர்க்கும் கோட்டுக்கு ஏறத்தாழ 54.7 பாகை சாய்வாக நிறுத்தினார். அந்தச் சாய்வில், ஒரு சுருளின் காந்தக் கோடுகள் அடுத்ததன் அச்சுக்குக் குறுக்கே சென்றுவிடுகின்றன; ஆகவே அதில் மின்சாரம் எழுவதில்லை. புதிய உலோகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பொருளை வைக்கும் கோணமே மருந்தாயிற்று.

1927-இல் திரைக் கிரிட் வால்வுகள் விற்பனைக்கு வந்தன. பாரடே ஓர் அறையளவில் எழுப்பிய சுவர், கண்ணாடிக் குமிழினுள்ளேயே புகுந்துவிட்டது எனலாம்.

எனினும் என் பெட்டியும் உலோகந்தானே, அது ஏன் காக்கவில்லை? பாரடேயின் சுவர் மின்புலத்தைத் தடுக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து விநாடிக்கு ஐம்பது முறை மாறி மாறி எழும் காந்தப்புலமோ மெல்லிய அலுமினியத் தகட்டை எளிதில் கடந்துவிடும். அதனைத் தடுக்கவல்ல மியூ-மெட்டல் என்னும் நிக்கல் கலப்பு உலோகம், 1923-இல் இலண்டனில் கடலடித் தந்திக் கம்பிகளுக்காக ஆக்கப்பட்டது. அது விலை மிக்கது. ஆனால் தொலைவு விலையற்றது: இடைவெளி இரு மடங்கானால், அத்தகைய காந்தப்புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

ஹெட்போனுக்கு இது மிகவும் இன்றியமையாதது. ஒலிபெருக்கியின் மெல்லிய உறுமல் அறையின் சந்தடியில் மறைந்துவிடும். செவியோடு செவியாக இருக்கும் ஹெட்போனில் மறைய இடமில்லை. 1958-இல் ஜான் காஸ் மில்வாக்கி நகரில் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகம் செய்த பின், அது இசை விரும்பிகளின் கருவியாயிற்று. பிற்காலத்தில் ஆர்வலர் பலர் புதினா மிட்டாய் வந்த தகரப் பெட்டியில் ஒன்பது வோல்ட் பேட்டரியோடு ஆம்பிளிபயர் செய்தனர். அங்கே டிரான்ஸ்பார்மரே இல்லை. ஆகவே உறுமலுக்கு அதுவாகிய பிறப்பிடமும் இல்லை.

இவற்றையெல்லாம் உணர்ந்த பின், என் கருவியைப் பிரித்து மீண்டும் தொடங்கினேன். இம்முறை முதலில் எடுத்தது பென்சிலும் அட்டையும். ஒவ்வோர் உறுப்பின் அளவுக்கும் அட்டைத் துண்டு வெட்டி, மேசைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒலி நுழையும் வாயில் ஒரு கோடி, டிரான்ஸ்பார்மர் மறு கோடி. இடையே ஒலி திரும்பி வராமல் ஒரே திசையில் செல்லும் வழி. ஒலியளவுக் கட்டுப்பாட்டை வாயிலருகே வைத்து, முன்பக்கக் குமிழுக்கு நீண்ட தண்டு பொருத்தினேன். சூடாகும் உறுப்புகளுக்கு மேலே காற்றுத் துளைகள் இட்டேன். பெட்டியின் உலோகத்தை நில இணைப்போடு சேர்த்தேன். வரைபடம் முடிந்த பிறகே அதற்கேற்ற நீளத்தில் பெட்டி செய்வித்தேன். உள்ளே சென்றவை முன்பிருந்த அதே உறுப்புகள்.

அன்றிரவு வீணையிசை கேட்டேன். நரம்பின் அதிர்வு தேய்ந்து தேய்ந்து அடங்கும் இறுதி நொடி வரை செவிக்கு எட்டியது. அதன்பின் நிலவியது அமைதி. கருவி இயங்குகிறதா என்று விளக்கைப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன்.

மாணவர்களே, கருவி செய்ய விழைவோர் சிறந்த உறுப்புகளைத் தேடுவது நன்றே. ஆனால் அவற்றுக்கு இடம் தேடாமல் பெட்டியை முதலில் வாங்கிவிடாதீர்கள். வள்ளுவர் ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தது போர்க்களத்தை எண்ணி. ஒரு சாண் பெட்டிக்கும் அது பொருந்தும்.