ஒல்லாந்தர் வரைந்த ஈழத்து மக்கள்

கோட்டையைப் பிடித்தவன் பெயர் வரலாற்றில் எளிதில் நிலைபெறும். அதற்குக் கல் சுமந்தவன் பெயரோ முகமோ நிலைபெறுவதில்லை. அவ்வாறு மறைந்தோரைத் தேடுவார்க்கு ஐரோப்பியர் வரைந்த சித்திரங்கள் ஓரளவு துணைபுரிகின்றன.

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் பிலிப்பு பால்தேயு என்னும் பாதிரியார் குடாநாட்டிற் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். மலையாளம், சோழமண்டலம், இலங்கை ஆகிய நாடுகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672 இல் அம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. தெல்லிப்பழை, அச்சுவேலி, நல்லூர் முதலிய ஊர்களின் தேவாலயச் சித்திரங்கள் அதில் உள்ளன. யாழ்ப்பாணத்துக் குலங்களையும் அவற்றின் வழக்கங்களையும் பால்தேயு எழுத்தில் விவரித்தார். சித்திரங்களிலோ கட்டடமே ஓங்கி நிற்கிறது. சமயப்பணியின் வளர்ச்சியைத் தாய்நாட்டார்க்குக் காட்டப் புகுந்தவருக்கு அதுவே முதன்மையாயிற்று. மக்கள் அதனடியிற் சிற்றுருவங்களாயினர்.

அதே காலத்தில் வேறொரு கண்ணும் இலங்கையைப் பார்த்தது. எசாயாஸ் பூர்ஸ் என்னும் அம்ஸ்டர்டாம் ஓவியர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஊழியராய் வந்து, 1662 இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எளிய மக்களையும் அவர்தம் குடில்களையும் தம் ஏட்டில் வரைந்தார். பால்தேயுவின் நூல் வெளிவந்த 1672 ஆம் ஆண்டிலேயே பூர்ஸ் கடற்பயணத்தில் இறந்தார். நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்கள் கொண்ட அவ்வேடு நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1996 இல் அம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையை அடைந்தது.

மனிதரைப் போலவே விலங்குகளும் கும்பனிக் கணக்கில் வெறும் தொகையாயின. வன்னி யானைகள் ஆனையிறவு வழியே குடாநாட்டிற்குக் கொணரப்பெற்று, இந்திய வணிகர்க்கு விற்கப்பட்டன. கணக்கேடுகள் அவற்றின் எண்ணிக்கையையும் விலையையும் கூறும். யானை பிடிக்கும் தொழிலைக் கண்ணாற் கண்டு வரைந்தவர் யான் பிராண்டஸ் என்னும் மற்றொரு பாதிரியார். 1785 இல் இலங்கைக்கு வந்த அவர், அடைப்பிற் சிக்கிய யானைகளையும் அவற்றைப் பிடிக்க உழைத்தோரையும் ஒருங்கே தீட்டினார்.

இவர்கள் அனைவரும் ஆள்வோரின் ஊழியரே. வரையப்பட்டோரின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்க நியாயமில்லை. எனினும் பூர்ஸின் ஏட்டில் அன்றைய கொழும்பு மாந்தரின் இருப்பும் நடையும் எஞ்சியுள்ளன. அதே தலைமுறை யாழ்ப்பாணத்தாரைக் காண விழைவோர், பால்தேயுவின் நூலில் தேவாலயச் சுவர்களைக் கடந்து, அவற்றின் அடியில் நிற்கும் சிற்றுருவங்களை உற்றுநோக்குதல் வேண்டும்.