வீங்கின கொள்ளளவிகள்

பழைய கொம்பியூட்டரில் கேம் பாதியில நின்றால் வீட்டில முதல் குற்றவாளி நாங்கள்தான். "கண்ட கேமெல்லாம் போட்டுப் பழுதாக்கிப்போட்டாய்" என்பார்கள். ஆனால் 2000களின் தொடக்கத்தில் பிழை மதர்போர்டிலேயே இருந்தது. புரொசெசருக்குப் போகும் மின்னைச் சீராக்குபவை கொள்ளளவிகள். தாய்வானில் செய்த பலவற்றில் மின்பகுபொருள் தரமில்லை. உள்ளே வாயு சேர்ந்து தலை வீங்கியது, கசிந்தது. கடிதம் அடிக்கும்வரை தாங்கின மெஷின், கேம் கூடுதல் மின் இழுத்ததும் படுத்தது. 2005இல் டெல் நிறுவனம் பழுதான கொம்பியூட்டர்களுக்காக 30 கோடி டொலர் ஒதுக்கியது.

ஆகவே விண்டோஸை மறுபடி போடுறதுக்கு முதல், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கொள்ளளவியின் தலை தட்டையாக இருக்கவேணும். வீங்கியிருந்தால் வீட்டாட்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.