சம்பளக் கோரிக்கை பொதுக் கோரிக்கையான கதை: அண்ணாமலை நகர், 2012–2021

சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். மறுபக்கம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். அண்ணாமலை நகர் என்ற இந்த இரண்டாவது ஊருக்குத் தனிப் பேரூராட்சியே உண்டு. அங்கே சம்பள நாள் தள்ளிப்போனால் மளிகைக் கடைக் கணக்கு முதல் வீட்டு வாடகை வரை எல்லாம் தள்ளிப்போகும். இப்படி ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ஊரில் சங்கத்தின் குரல் சம்பளத்தைத் தாண்டிப் போகாது என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்போம். ஆனால் 2012-க்கும் 2021-க்கும் இடையே அங்கே எழுந்த இரண்டு போராட்டங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் உடைமையையும் ஒரு மருத்துவமனையின் தன்மையையும் மாற்றின. சம்பளத்துக்காகத் தொடங்கிய ஒற்றுமை எந்த இடத்தில் பொதுச் சேவைக்கான கோரிக்கையாக மாறியது, எந்த இடத்தில் மாறாமல் நின்றது என்பதே இங்கே கேள்வி. சங்கத்தில் இல்லாதவருக்கும் பங்குள்ள சொற்களில் கோரிக்கை வைக்கப்பட்டபோது வெற்றி கிடைத்தது. அந்தப் பங்கு சுருங்கிய இடத்தில் ஒற்றுமையும் சுருங்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியையும் அதனோடு வளர்ந்த பிற கல்லூரிகளையும் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாயுடன் ஒப்படைக்க, 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு இரட்டைத்தன்மை இருந்தது. சட்டம் இயற்றியது அரசு. ஆண்டுதோறும் மானியம் தந்ததும் அரசு. ஆனால் இணைவேந்தர் பதவி நிறுவனருக்கும் அவர் வழிவந்தவருக்கும் உரியதாக இருந்தது. துணைவேந்தர் தேர்விலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. பொதுப்பணம் உள்ளே வரும், பொதுக் கண்காணிப்பு வாசலிலேயே நின்றுவிடும். 1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கிய பிறகு கட்டண வருமானம் பெருகியது. 1980-இல் பல் மருத்துவக் கல்லூரி, 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று நிறுவனம் விரிந்தது. வருமானம் விரிந்ததைப் போலவே வேலைவாய்ப்பும் விரிந்தது. 2012 வாக்கில் ஆசிரியரும் அலுவலகப் பணியாளருமாக 12,000 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் ஆசிரியர் அல்லாதவர்கள். அஞ்சல்வழிப் பாடப் பொட்டலங்களின் வருமானத்தில் நிற்கும் சம்பளப் பட்டியல் எவ்வளவு நாள் தாங்கும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

2012 நவம்பரில் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு நிர்வாகத் தரப்பிலிருந்து வந்தது. பேராசிரியரும் கடைநிலை ஊழியரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பழகியவர்கள் அல்லர். சம்பளம், மரியாதை, சாப்பிடும் இடம் எல்லாவற்றிலும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை நெருக்கடி தற்காலிகமாக மூடியது. இரு தரப்புச் சங்கங்களும் கூட்டு நடவடிக்கைக் குழுவாகச் சேர்ந்தன. உண்ணாவிரதம், தர்ணா என்று போராட்டம் வலுக்க, பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது கூட்டத்தின் அளவைவிடக் கோரிக்கையின் மொழி மாறிய விதத்தை. “சம்பளத்தைக் குறைக்காதே” என்பது முதலாளியைப் பார்த்துச் சொல்வது. “கணக்கைக் காட்டு, அரசே ஏற்று நடத்து” என்பது ஊரைப் பார்த்தும் சட்டமன்றத்தைப் பார்த்தும் சொல்வது. பணம் எங்கே போயிற்று என்ற கேள்வியில் கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் வரி கட்டியவருக்கும் பங்கு உண்டு. அரசு தணிக்கைக்கு உத்தரவிட்டது. 2013 ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனா நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு நிறைவேறிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறுவனர் குடும்பத்தின் உரிமைகளை நீக்கி, பல்கலைக்கழகத்தை முழுமையாக அரசின் கீழ் கொண்டுவந்தது.

இது சங்கங்களின் வெற்றி அல்ல, அன்றைய ஆளுங்கட்சியின் அரசியல் முடிவு என்பார் உண்டு. சட்டம் கொண்டுவந்தது அரசுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1929-இலிருந்து எண்பத்து நான்கு ஆண்டுகள் எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. தலையிடும் அதிகாரமும் மானியம் என்ற பிடியும் அவை அனைத்துக்கும் இருந்தன. தலையிடும் கட்டாயம்தான் இல்லை. மூடிய வளாகமும் தெருவில் அமர்ந்த ஆயிரக்கணக்கானோரும் அந்தக் கட்டாயத்தை உண்டாக்கினார்கள். அதே 2013 ஜூலையில் அதே கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கலாம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 5 விழுக்காடு பங்கை விற்க ஒன்றிய அரசு முடிவெடுத்தபோது நிரந்தரத் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சம்பளத்தில் அன்று யாரும் கைவைக்கவில்லை. சண்டை உடைமை பற்றியது. முடிவில் 3.56 விழுக்காட்டுப் பங்குகளைத் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் ஏறத்தாழ 358 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டன. ஒன்றிய அரசின் கையில் அதுவரை இருந்தது 93.56 விழுக்காடு, பங்குச் சந்தை விதி கேட்டது அதை 90-க்குக் குறைப்பது மட்டுமே. விதியும் நிறைவேறியது, பங்கும் தனியாரிடம் போகவில்லை. இரண்டு இடங்களிலும் வழியைக் கண்டுபிடித்தது அரசு. தேட வைத்தது தொழிலாளர்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 12,000 பேர் என்பதே மிகை. அந்த மிகையைக் காப்பாற்றும் செலவை மாநிலத்தின் தலையில் கட்டியதைப் பொதுச் சேவை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. நியமன ஆணைகளில் கையெழுத்திட்டது ஊழியர் அல்லர் என்பது பாதி பதில்தான். மீதிப் பதிலைப் பின்னால் நடந்தவற்றில் தேட வேண்டும். அரசு ஏற்றபின் உபரி என்று கணக்கிடப்பட்ட ஆயிரக்கணக்கானோர் பணி நிரவல் என்ற பெயரில் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் துறை அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆள் பற்றாக்குறை இருந்த அலுவலகங்களுக்கு ஆள் கிடைத்தது என்பது ஒரு லாபம். ஆனால் ஒரே பந்தலில் உட்கார்ந்தவர்கள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள். சிதறியவருக்குப் பணிமூப்பும் ஊர் திரும்புவதும் கவலை. இருந்தவருக்கு மாதச் சம்பளம் நேரத்துக்கு வருமா என்பது கவலை. வேலையைக் காப்பாற்றிய ஏற்பாடே கூட்டமைப்பின் பலத்தையும் கரைத்தது. சங்கங்களைக் குறை சொல்வதானால் இங்கேதான் சொல்ல வேண்டும்: உடைமை மாறியதோடு கோரிக்கை நிறைவேறிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள், நிறுவனம் யாருக்கு என்ன விலையில் சேவை தரும் என்ற கேள்வி அடுத்த எட்டு ஆண்டுகள் கூட்டுக் கோரிக்கையின் மையத்துக்கு வரவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் மாணவர்கள். 2013-க்குப் பிறகு மருத்துவ இடங்கள் அரசின் கலந்தாய்வு மூலம் நிரப்பப்பட்டன. கட்டணம் மட்டும் பழைய தனியார் அளவிலேயே நின்றது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5.44 லட்சம் ரூபாய். பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 14,000-க்கும் குறைவு. ஏறக்குறைய நாற்பது மடங்கு. ஒரே கலந்தாய்வில் அடுத்தடுத்து அழைக்கப்பட்ட இருவரில் ஒருவர் தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இன்னொருவர் சிதம்பரத்துக்கும் போனால், இருவர் குடும்பக் கடனிலும் தெரியும் வித்தியாசம் அது. அரசு நடத்துகிறது, அரசு சேர்க்கிறது, கட்டணம் மட்டும் அரசுக் கட்டணம் இல்லை. உடைமை அரசிடம் வந்ததாலேயே சேவை பொதுவாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம், விடுதிகளைக் காலி செய்யச் சொன்ன பின்னும் கலையாமல் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. கொரோனா காலத்தில் அதே மருத்துவமனையின் படுக்கைகளை மாவட்டம் நம்பியிருந்தது என்பதால், வெள்ளை அங்கியோடு தரையில் அமர்ந்தவர்களை ஊர் வெறும் கட்டணத் தகராறுக்காரர்களாகப் பார்க்கவில்லை. 2021 ஜனவரி இறுதியில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. தொடர்ந்து கட்டணமும் அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது. அதுவரை அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத கடலூர் மாவட்டத்துக்கு ஒன்று கிடைத்தது.

எனவே 2013-ஐயும் 2021-ஐயும் தனித்தனி நிகழ்வுகளாகப் படிப்பது பிழை. முதலாவது இல்லாமல் இரண்டாவதன் வாதமே நின்றிருக்காது: “அரசுக் கல்லூரியில் தனியார் கட்டணமா?” என்று கேட்க முதலில் அது அரசுக் கல்லூரியாக வேண்டியிருந்தது. அதே சமயம் இரண்டாவதை முதலாவதன் தானான விளைவு என்றும் சொல்ல முடியாது. ஊழியர் நிறுத்திய இடத்திலிருந்து வேறு ஆட்கள் தொடர்ந்தார்கள். சங்கத்துக்குப் பொதுச் சேவையில் அக்கறை இருக்க முடியாது, தன்னலமே அதன் இயல்பு என்று வாதிடுவோர், 2003 ஆகஸ்டில் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று சொன்னதையும் துணைக்கு அழைப்பார்கள். உரிமையா இல்லையா என்பது சட்டத்தின் கேள்வி. தன்னலமும் பொதுநலமும் ஒரே கோரிக்கையில் குடியிருக்க முடியுமா என்பது வரலாற்றின் கேள்வி. 2012-இன் கணக்குக் கேள்வியும் 2020-இன் கட்டணக் கேள்வியும் முடியும் என்றே காட்டுகின்றன. குடும்பக் கடனுக்குப் பயந்த மாணவர் கேட்டதால்தான் அடுத்து வருபவருக்குக் கட்டணம் குறைந்தது.

இந்த வரலாற்றில் பெயர் வராதவர்கள் தொகுப்பூதியக்காரர்கள். பல்கலைக்கழகத்தில் தினக்கூலியாகவும் தொகுப்பூதியத்திலும் பல ஆண்டுகள் வேலை செய்து நிரந்தரம் கேட்டவர்கள் வளாகத்தில் பூமா கோயில் அருகே பலமுறை தர்ணா இருந்திருக்கிறார்கள், பெரும்பாலும் தனியாக. நெய்வேலியிலும் 2012-இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2013-இல் பங்கு தனியாரிடம் போகாமல் தடுக்கப்பட்ட பிறகும் அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே இருந்து, 2014-இல் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.