இரட்டைக் கிளச்

மோட்டார் ஓட்டப் பழகுகிறவன் முதல் நாள் அடையும் அவமானம் பெரும்பாலும் ஒரே விதமானது: இடது காலைச் சட்டென்று எடுத்துவிடுவான், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகும், பக்கத்தில் அமர்ந்தவர், "ஹாஃப் கிளச்சிலே பிடிப்பா" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் குற்றம் முழுவதும் அவன் காலைச் சேர்ந்ததன்று. பெட்ரோல் எஞ்சினின் பிறவிக் குணத்தையும் சேர்ந்தது.

நீராவி எஞ்சின் நின்ற இடத்திலிருந்தே பாரத்தை இழுக்கும். பெட்ரோல் எஞ்சினோ ஓரளவு வேகமாகச் சுழன்றாலன்றிப் பலம் காட்டாது. ஆகவே, சுழலும் எஞ்சினையும் அசையாத சக்கரங்களையும் மெல்ல மெல்ல இணைக்க ஒரு கிளச்சும், மேட்டுக்கும் சமதரைக்கும் ஏற்றபடி விகிதம் மாற்ற, நகர்ந்துபோய் ஒன்றையொன்று கவ்வும் பல்சக்கரங்களுமாக, 1890களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான எமில் லெவஸோர் வகுத்த ஏற்பாடே பின்வந்த பெரும்பாலான கார்களுக்கு மூலமாயிற்று. 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பிய பந்தயத்தில், சுமார் 1,180 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிஷத்தில் கடந்து அவரே முதலில் வந்தார். வண்டியில் இருவருக்கே இடம் என்பது பந்தய விதிக்குப் பொருந்தாததால் முதற்பரிசு மட்டும் வேறொருவருக்குப் போயிற்று!

அந்தப் பல்சக்கரங்களிடம் ஒரு பொல்லாத குணம் இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது அவற்றைச் சேர்க்க முயன்றால், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கறகறவென்று அலறும். இதற்கு ஓட்டுநர்கள் கண்ட உபாயமே இரட்டைக் கிளச்: கிளச்சை மிதித்து, எந்தக் கியரும் சேராத நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, கீழ்க் கியருக்குப் போவதானால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினின் வேகத்தை உயர்த்தி, மறுபடி மிதித்துக் கியரைப் போடுவது. எவ்வளவு தட்டுவது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. எஞ்சினின் சுருதியைக் கேட்டே அறிய வேண்டும். ஆகையால் அக்காலத்தில் மோட்டார் ஓட்டுவது பாதி சங்கீத வித்தை என்றே நான் சொல்வேன்.

1908இல் வந்த ஃபோர்டின் டி மாடல், இடது பெடலை மிதித்தாலே கியர் மாறும்படி செய்து இத்தொல்லையைத் தவிர்த்தது. எனினும் மற்றக் கார்கள் அவ்வழியே செல்லவில்லை. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த ஸிங்க்ரோமெஷ், பற்கள் கவ்வுமுன் கூம்பு வடிவப் பாகங்களின் உராய்வினால் இரு வேகங்களையும் சமமாக்கி, ஓட்டுநரின் செவிக்கு ஓய்வளித்தது. பின்னர் வந்த பல கார்களிலும் முதற்கியருக்கு மட்டும் அந்த வசதி வெகுநாள் வாய்க்கவில்லை.

லாரிகளிலோ பழைய வித்தை இன்னும் நெடுங்காலம் தேவைப்பட்டது. வண்டி கழுவிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கிளீனர் பையன், டிரைவரின் கால் இருமுறை இறங்கி ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தே பாடம் படித்தான். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளைப் போன்ற மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும்போது, நியூட்ரலுக்கு வந்த கியர் மறுபடி விழாமற்போனால், வண்டியைப் பிடித்து நிறுத்த எஞ்சின் உதவாது. பிரேக் ஒன்றே மிச்சம். அதனால் வளைவு கண்ணில் படுமுன்பே, வழி சமமாயிருக்கும் இடத்திலேயே, கீழ்க் கியரைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.