அன்னபூரணி அம்மாள் வந்த வழி



“நாங்கள் எல்லாரும் பிளேனிலைதானே வந்தனாங்கள்?” என்று சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பிள்ளை கேட்டது. வல்வெட்டித்துறைக் கதையைச் சொன்னேன்.

அந்நாளில் வல்வைக் கப்பல்கள் பர்மா அரிசி ஏற்றிவரும். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில். வீட்டுக் கணக்கும் பிள்ளை வளர்ப்பும் பெண்கள் கையில். சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரி அம்மன் தீர்த்தம், இந்திரவிழா என்று ஊரே விளக்கொளியில் நிற்கும்.

அங்கே கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல்தான் ‘அன்னபூரணி அம்மாள்’. அதை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன், ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் சூயஸ் கால்வாய் வழியாக அதை ஓட்டி, 1938 ஓகஸ்ற்றில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

48 ஆண்டுகளின் பின், 1986 ஓகஸ்ற்றில், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர் நியூபவுண்லாந்துக் கரையோரம் மீட்கப்பட்டனர். முந்தியவர்கள் மாலுமிகள், பிந்தியவர்கள் அகதிகள். இரண்டு முறையும் அதே அத்திலாந்திக் கடல்தான்.

அகதி என்ற சொல்லுக்கு முன்பும் எங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் குடும்பத்தில் கப்பலோடிய பேரனார் இருந்தால், அவர் பெயரையும் போன துறைமுகங்களையும் இன்றே எழுதி வையுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.