சக்கரமும் முட்டுக்கட்டையும்



1869ஆம் ஆண்டில் ஜொகூர் மகாராஜா அபு பக்கார் ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலைக்குப் போகவேண்டிய பாதை அது. தண்டவாளம் இரும்பன்று, மரம்! காட்டில் மரத்துக்கா பஞ்சம்? ஆனால் அதே காட்டில் கரையானும் இருந்தது. தண்டவாளத்தை அது அரித்தது, பணமும் போதவில்லை. பாதை மலையை எட்டாமலே கைவிடப்பட்டது. கெமாஸிலிருந்து இரும்புப் பாதை ஜொகூர் பாருவரை வந்து முடிந்தது 1909இல்தான்.

இவ்வளவு பாடுபட்டுத் தண்டவாளம் எதற்கு? சக்கரத்துக்கு முன்னால் மேடு பள்ளம் இல்லாமல் செய்யத்தான். செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்பவருக்கு இது நன்றாகத் தெரியும். வழியில் ஒரு வேர் போதும், வண்டி நின்றுவிடும்.

சக்கரம் முட்டியதும், அந்த வேரின் முனை கடப்பாரைக்கு அண்டக் கொடுத்த கல்லைப்போல் ஆகிவிடுகிறது. சுமை சக்கரத்தைக் கீழே அழுத்தும். நம் பலம் அதை மேலே புரட்டப் பார்க்கும். சக்கரத்தின்மேல் 100 கிலோ சுமை, வேரின் உயரம் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 15 அங்குல உயரச் சக்கரமானால், அச்சை நேராக இழுக்க ஏறக்குறைய 133 கிலோ பலம் வேண்டும். 60 அங்குல மாட்டுவண்டிச் சக்கரத்துக்கோ 48 கிலோ போதும். அதே சக்கரத்தின் உச்சி விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் 23 கிலோதான். சேற்றில் வண்டி சிக்கினால் அந்தக் காலத்து வண்டிக்காரர் மாட்டை அடிப்பதை விட்டு, இறங்கிவந்து சக்கரத்தையே பிடித்து உருட்டியது இதனால்தான். கணக்குப் படிக்காத கணக்கு!

தள்ளுவண்டியானால் திருப்பி இழுத்துப் பாருங்கள். தள்ளும் கை சக்கரத்தைக் கீழே அழுத்தும். இழுக்கும் கை சற்றே மேலே தூக்கும்.

தடை அச்சின் உயரத்தை எட்டிவிட்டால், நேராக எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் ஏறாது. தமிழ்நாட்டில் தேர் ஓடும்போது இதே தடையைத்தான் வேண்டுமென்றே போடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும், அதைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை வேண்டியிருக்கிறது. கட்டை போடுகிறவர் சக்கரத்தை ஒட்டியே நடக்கவேண்டும். உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

நம் தோட்டத்துச் சரிவுகளிலும் லாரி, டிராக்டர் நிற்கின்றன. கையில் அகப்பட்ட சிறு கல்லைச் சக்கரத்தடியில் வைக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பெரிய சக்கரம் சிறு கல்லை எளிதில் ஏறிக் கடந்துவிடும்.